களாச்செடி: வைத்துவிட்டுப் போனால் பிழைக்குமா?

கடலூருக்குத் தெற்கே, பரங்கிப்பேட்டை போகும் வழியில் முப்பது சென்ட் நிலம் வாங்கியிருக்கிறீர்கள். வேலை சென்னையில், மாதம் இரண்டு முறைதான் வந்துபோக முடிகிறது. நம் ஊர்ச் செடியாக, ஆண்டு முழுவதும் பச்சையாக, தண்ணீர் இல்லாமலும் தாக்குப்பிடிப்பதாக, பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் தேடி வருவதாக ஒரு புதர்ச்செடி வேண்டும். ஒருவர் விராலி என்றார், மற்றவர் களா என்றார். இரண்டில் எது என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் படித்தால் செடியின் பெயரைக் கேட்பது போல் இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, "வைத்துவிட்டுப் போனால் பிழைக்குமா?" என்று, உங்கள் கவலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களா வையுங்கள். இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் நீங்கள் திரும்பிப் பார்க்காவிட்டாலும் பிழைக்கும். அந்த இரண்டு கோடைக்குள் கைவிட்டால் பத்துக்கு ஒன்றிரண்டு மிஞ்சுவதே அரிது.

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் நாட்டுச்செடிகளுக்கென்று ஒரு சின்ன நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கல்லூரியில் தாவரவியல் படித்தவன்தான், ஆனால் இந்த வேலையில் எனக்குப் பாடம் நடத்தியவை செத்துப்போன கன்றுகள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் நிலம் செம்மண், கீழே செம்பாறாங்கல். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது மணல் கலந்த மண், கடலுக்கும் பக்கம். செடியின் குணத்தைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் கணக்கைப் பற்றி நான் சொல்வதை உங்கள் மண்ணில் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் வாழும் இந்தக் கடலோரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பசுமை மாறாக் காடு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை போல மழை கொட்டும் இடத்தைத்தான் நினைப்போம். சோழமண்டலக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை; அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். பிறகு ஐந்தாறு மாதம் வானம் வாய் திறக்காது. இந்தக் கணக்குப்படி இங்கே இலையுதிர்க்கும் காடுதான் இருக்க வேண்டும். ஆனால் இங்கே இயற்கையாக வளர்ந்தது குட்டையான, நெருக்கமான, சித்திரை வெயிலிலும் கரும்பச்சையாக நிற்கும் காடு. காட்டியலாளர்கள் இதற்கென்றே உலர் பசுமைமாறாக் காடு என்று ஒரு தனி வகை ஒதுக்கியிருக்கிறார்கள். இப்போது அது துண்டு துண்டாகத்தான் மிச்சம்: கோயில் காடுகளில் கொஞ்சம், கோடியக்கரையில் கொஞ்சம், சென்னைக்குள்ளேயே கிண்டியில் கொஞ்சம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது. செடி வாங்குவதற்கு முன்னால், முடிந்தால் மே மாதத்தில், அங்கே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். வீரை, காசான், காட்டு எலுமிச்சை, காரை, களா எல்லாம் யாரும் தண்ணீர் ஊற்றாமல் எப்படி நிற்கின்றன என்பதைப் பார்த்துவிட்டால், எந்தச் செடி எதற்கு அருகில் நிற்க விரும்புகிறது என்பதும் உங்களுக்கே புரிந்துவிடும்.

அந்தச் செடிகள் வறட்சியைத் தாங்குவது மந்திரத்தால் அல்ல. தோல் போலத் தடித்த இலை. அதன் மேல் மெழுகுப் பூச்சு. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும் இலைத்துளைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, மேல்மண் சுட்டெரிக்கும்போதும் அடியில் ஈரம் தேடிப் போய்விட்ட வேர். முதல் மூன்றும் கன்றிலேயே இருக்கின்றன. நான்காவது இல்லை. பாக்கெட்டில் வளர்ந்த கன்றுக்கு வேர் என்பது ஒரு சாண் மண்ணுக்குள் சுருண்டு கிடப்பதுதான். "வறட்சி தாங்கும் செடி" என்று பலகையில் எழுதி விற்கும்போது அது வளர்ந்த புதரைப் பற்றிய பேச்சு. கன்று எல்லாக் கன்றுகளையும் போலத்தான். அதற்குத் தாகம் எடுக்கும்.

இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். பண்ணை தொடங்கிய புதிதில், பொங்கல் முடிந்து ஆள் கிடைக்கிறார்கள் என்பதற்காக, தை மாதக் கடைசியில் இருநூறு களாக் கன்றுகளை நட்டேன். சித்திரைக்குள் நூற்றைம்பதுக்கு மேல் போயிற்று. அடுத்த ஆண்டு புத்திசாலித்தனமாகச் சொட்டுநீர்க் குழாய் போட்டு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். கன்றுகள் பளபளவென்று வந்தன. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். மே மாதம் மோட்டார் எரிந்துபோய், காயில் கட்டி வர ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பதே நாளில் பாதிக் கன்றுகள் கருகிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் எல்லாம் நான்கு விரல் ஆழத்தில், சொட்டுவாயைச் சுற்றிப் பாய் விரித்தது போலப் படர்ந்திருந்தன. மேலேயே தினமும் கிடைத்தால் எந்த வேர் கீழே போகும்? அதே வேலியோரத்தில், குழாய் எட்டாத மூலையில், வாரம் ஒரு குடம் மட்டும் கிடைத்த பன்னிரண்டு கன்றுகளில் பத்து உயிரோடு இருந்தன. அவற்றில் சில இன்று என் தலைக்கு மேல் உயரம்.

இப்போது எந்தக் களா என்பதற்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஊறுகாய்க் களாக்காய் காய்ப்பது பெருங்களா. பேக்கரி கேக்கின் மேல் செக்கச்செவேலென்று உட்கார்ந்திருக்கும் செர்ரி பல இடங்களில் சாயம் ஏற்றிப் பாகில் ஊறிய இந்தக் களாக்காய்தான் என்பது வேறு கதை. அதுவும் இந்திய மண்ணின் செடிதான், வைத்தால் தவறில்லை. ஆனால் நம் கடலோரப் புதர்க்காடுகளில் யாரும் வைக்காமல் தானாக முளைத்து நிற்பதாக நான் பார்ப்பது சிறுகளாவைத்தான். இலை, பூ, பழம் எல்லாமே பெருங்களாவைவிடச் சிறியவை. பழம் சுண்டைக்காய் அளவு, பழுத்தால் கறுப்பு. சின்னப் பறவையின் வாய்க்கும் அது ஏற்ற அளவு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: அலங்காரச் செடி விற்கும் இடங்களில் "குட்டைக் களா" என்று தருவது பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த நேட்டால் பிளம். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வெள்ளைப் பூ, உருண்டையான பளபள இலை, பழுத்தாலும் சிவப்பாகவே நிற்கும் பெரிய பழம் என்றால் அது நம் களா இல்லை. எனக்கே ஒரு நாற்றுப்பண்ணையில் அதைச் சிறுகளா என்று சொல்லி நாற்பது கன்று தலையில் கட்டினார்கள். பூத்த பிறகுதான் தெரிந்தது. விற்றவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். பூவோ பழமோ இருக்கும் தாய்ச்செடியைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

விராலியைச் சொன்னவரும் தவறாகச் சொல்லவில்லை. கல்லுக்குள் நட்டாலும் வரும். களாவைவிட வேகமாக வளரும். ஆட்டுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. காற்றுத் தடுப்பாக அதைவிட நல்ல செடி சொல்வது கடினம். உங்கள் நிலத்தின் கடல்பக்க எல்லைக்கு ஏழெட்டு வையுங்கள். ஆனால் நீங்கள் கேட்டது உயிரினங்களுக்கான தோட்டம். விராலியின் மகரந்தத்தைச் சுமப்பது காற்று; அதனால் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் கூப்பிடப் பூவில் எதுவும் வைத்திருப்பதில்லை. காயோ சிறகு வைத்த காய்ந்த காகிதம் போன்றது. கொத்திச் சாப்பிடச் சதை இல்லை. விராலி பந்தல் போடும், பந்தி வைக்காது.

களா இரண்டையும் செய்யும். கோடைத் தொடக்கத்தில், மற்றச் செடிகள் வாடிக்கொண்டிருக்கும்போது, மல்லிகை போன்ற சிறு வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். பொழுது சாய்ந்த பிறகு அருகே போய் நின்றால்தான் அந்த வாசனையின் அருமை தெரியும். குழல் நீண்ட வெள்ளைப் பூ, மாலை வாசனை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு என்று ஊகிக்கலாம். டார்ச்சோடு நின்று பார்த்ததில் பருந்தந்து என்ற பெரிய அந்துப்பூச்சிகள் அந்தரத்தில் நின்றபடி உறிஞ்சுவதைச் சில இரவுகள் கண்டிருக்கிறேன். பகலில் தேனீக்களும் வருகின்றன. ஆடி, ஆவணியில் பழம் கறுக்கத் தொடங்கும்போது கொண்டைக்குருவிகள் வரும். எங்கும் காணப்படும் செங்குதக் கொண்டைக்குருவியை விடுங்கள். இந்தப் புதர்க்காட்டுக்கே உரிய வெண்புருவக் கொண்டைக்குருவி, ஆளைக் காட்டாமல் குரலை மட்டும் காட்டுவது, களாப்புதர் நெருங்கிய பிறகுதான் என் நிலத்துக்கு வந்தது. குயில் வரும். விடியற்காலையில் மண்ணில் விதையோடு எச்சம் கிடந்தால் இரவில் மரநாய் வந்துபோயிருக்கிறது என்று பொருள்.

ஆனால் பழத்தைவிட முள்தான் பெரிய கொடை என்று நான் சொல்வேன். பலர் இதைக் குறையாக எண்ணி, முள் இல்லாத வகை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். பூனையும் காகமும் நுழைய முடியாத இடம்தான் சிறு பறவைக்கு வீடு. இணை இணையாக விறைத்து நிற்கும் அந்த முட்களுக்கு நடுவே கதிர்க்குருவியும் கொண்டைக்குருவியும் கூடு வைத்தால் குஞ்சு பறக்கும் வரை அநேகமாகக் கவலை இல்லை. கௌதாரி அடியில் பதுங்கும். செம்போத்து உள்ளேயே நடந்து திரியும். கீச்சான் வந்தால் பிடித்த வெட்டுக்கிளியை அந்த முள்ளிலேயே குத்தி வைத்துவிட்டு அடுத்ததைத் தேடிப் போகும். முதல் முறை பார்ப்பவர்கள் யாரோ மாந்திரீகம் செய்ததாக நினைத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் அப்படித்தான் நினைத்தார்.

பட்டாம்பூச்சி விஷயத்தில் மட்டும் களாவை நம்பியிருக்காதீர்கள். தேனுக்கு வரும் பட்டாம்பூச்சி வழிப்போக்கர். முட்டையிட வருவதுதான் குடித்தனக்காரர். முட்டையிட அதற்குத் தன் புழு தின்னும் குறிப்பிட்ட செடி வேண்டும். கறிவேப்பிலையில் முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு பச்சையாகவும் ஒரு புழு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே குடும்பத்துக் காட்டுச்செடிகளான காட்டு எலுமிச்சையும் கொஞ்சியும் இரண்டிரண்டு வைத்தால் அந்தக் கறுப்பு வெள்ளைப் பெரிய பட்டாம்பூச்சிகள் நிலத்தை விட்டுப் போகாது. இரண்டுமே உலர் பசுமைமாறாக் காட்டின் செடிகள், இரண்டுமே பச்சை மாறாதவை. வேலியில் ஆதொண்டைக் கொடியோ விழுதியோ ஏறினால் வெள்ளையும் மஞ்சளுமாகச் சிறு பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். நீல நிறத்தில் பூக்கும் காசான் ஒன்று இருந்தால் பூக்கும் காலத்தில் தேனீக்களின் இரைச்சல் கேட்கும். கடல்பக்கம் உவர்ப்பு அதிகமென்றால் அங்கே சங்கஞ்செடியை விடுங்கள். கணுவுக்கு நான்கு முள்ளோடு அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஐந்து களாச்செடி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். முப்பது சென்ட்டுக்கு எட்டுக் களா, மற்றவற்றில் இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டையும் வேலிக்கால் போல வரிசையாக நிறுத்தாமல், செடிக்குச் செடி நான்கடி இடைவெளி விட்டு இரண்டு கூட்டமாக வையுங்கள். நான்கைந்து ஆண்டுகளில் கிளைகள் கோத்துக்கொண்டு ஒரே புதராகும். பறவைக்கு வேண்டியது அந்த நெருக்கம்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இடுப்புயரக் கன்று நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தாலும் முழங்கால் உயரக் கன்றே மேல். பெரிய கன்று பாக்கெட்டில் நாள்பட்டுக் கிடந்திருக்கும். வேர் உள்ளேயே வட்டமாகச் சுற்றியிருக்கும். அப்படிச் சுற்றிய வேர் நிலத்துக்குப் போன பிறகும் பழைய பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நடும்போது பாக்கெட்டைக் கிழித்துப் பார்த்துச் சுருண்ட நுனிகளைப் பிளேடால் வெட்டிவிடலாம். விதையிலிருந்தே வளர்க்க ஆசை என்றால் அதுவும் எளிதுதான், ஒரு நிபந்தனை: விதையைச் சேமித்து வைக்கக் கூடாது. கறுத்த பழத்தைப் பிசைந்து, சதையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, அந்த வாரத்துக்குள்ளேயே விதைத்துவிட வேண்டும். கிளையை வெட்டி நட்டால் வேர் விடுவது அபூர்வம். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நடும் காலம் ஒன்றே ஒன்றுதான்: வடகிழக்குப் பருவமழையின் தொடக்கம். செப்டம்பரில் ஒன்றரை அடிக் குழி எடுத்து ஆறப்போடுங்கள். அக்டோபரில் முதல் நல்ல மழை நனைத்த மறுநாள் நடுங்கள். அப்படி நட்டால் கோடை வருவதற்குள் வேர் இறங்க மூன்று நான்கு மாதம் கிடைக்கிறது. குழிக்குள் எருவைக் கொட்ட வேண்டாம். எடுத்த மண்ணையே இரண்டு கை மக்கிய தொழுவுரம் கலந்து திரும்ப இடுங்கள். செழிப்பான குழிக்குள் சுகமாக இருக்கும் வேர் வெளியே போகாது, என் சொட்டுநீர்க் கதைதான் மறுபடியும்.

கடலூரில் வறட்சியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வெள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். களா தாகத்தைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை பெய்தது. எங்கள் பக்கமும் குறைவில்லை. பள்ளத்தில் நட்டிருந்த இரண்டு வயதுக் கன்றுகள் ஒரு வாரம் நீரில் நின்று, இலை மஞ்சளாகி, தை பிறப்பதற்குள் போய்விட்டன. முக்கால் அடி மேடு கட்டி நட்டவை ஒன்றும் ஆகாமல் நின்றன. மழை நாளில் உங்கள் நிலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை இந்த அக்டோபரில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது மேடு கட்டுங்கள். காற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை உங்கள் ஊர்க்காரர்கள் சொல்லியிருப்பார்கள். மறு வாரம் என் வேலியோரக் களாப்புதர்களைப் பார்க்கப் போனேன். இலைகள் கிழிந்திருந்தன, அவ்வளவுதான்.

இனி தண்ணீர். நீங்கள் மாதம் இரண்டு முறைதான் வருகிறீர்கள் என்பதுதான் இதில் சிக்கல். முதல் கோடையில், பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை, கன்றுக்கு வாரம் ஒரு முறை பத்து லிட்டர் வேண்டும். மெதுவாக, ஆழமாக இறங்கும்படி ஊற்ற வேண்டும். இரண்டாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும், அது உங்கள் வருகையோடு பொருந்துகிறது. முதல் கோடைக்கு வழி பழைய பானை முறை. மெருகு பூசாத, ஏழெட்டு லிட்டர் பிடிக்கும் மண்பானையைக் கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி, வாயை ஓட்டால் மூடிவிடுங்கள். மூடாவிட்டால் கொசு வளர்ப்பதாகிவிடும். சுவரிலிருந்து கசியும் ஈரத்தைத் தேடி வேர் கீழே வரும். என் செம்மண்ணில் ஒரு நிரப்பு எட்டு முதல் பத்து நாள் வந்தது. மணலில் சீக்கிரம் தீரலாம். கன்று நடுவதற்கு முன்பே ஒரு பானையைப் புதைத்து நிரப்பிவிட்டு, அடுத்த முறை வரும்போது எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். அதற்குள் தீர்ந்துவிட்டால் பக்கத்து நிலத்துக்காரருக்கு ஏதாவது கொடுத்து நடுவில் ஒரு முறை நிரப்பச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. கன்றைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சருகு மூடாக்கு, நான்கு விரல் கனம், தண்டை ஒட்டாமல். கறையான் ஏறினால் பதற வேண்டாம்; அது சருகைத் தின்கிறதா, பட்டையைத் தின்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சருகைத்தான் தின்னும். தண்டை ஒட்டாமல் விடச் சொன்னது அதற்காகத்தான்.

மே மாதத்தில் வந்து பார்க்கும்போது கன்றின் இலை மங்கி, சுருண்டு, பாதி உதிர்ந்தும் இருக்கலாம். பச்சை மாறாச் செடி என்றால் இலையே உதிராது என்று பொருள் இல்லை. எல்லா இலையையும் ஒரே சமயத்தில் உதிர்க்காது, அவ்வளவுதான். கடும் கோடையில் சின்னக் கன்று சிக்கனம் பிடிக்கும். பிடுங்கிப் போடுவதற்கு முன் தண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. என் மனைவி ஒரு முறை குப்பைக்குழிக்குப் போகவிருந்த கன்றுகளை இப்படிக் கீறிப் பார்த்து ஏழு கன்றைக் காப்பாற்றினார்.

கத்தரிப்பதைப் பற்றி ஒரு சொல். களாவின் பூ கிளை நுனியில் வருவது. வேலி போல நான்கு பக்கமும் சதுரமாக வெட்டிக்கொண்டே இருந்தால் அழகான பச்சைச் சுவர் கிடைக்கும், பூவும் பழமும் கிடைக்காது. நடைபாதையில் நீட்டும் கிளையை மட்டும், பழம் முடிந்து மழை தொடங்குவதற்கு முன்னுள்ள செப்டம்பரில், உள்ளே கூடு இல்லை என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம். புழு தின்ற இலையைப் பார்த்து மனம் பதறினால் எதற்குத் தோட்டம் போட்டோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள்: புதர் வைத்தால் பாம்பு வராதா? வரலாம். களா வேர் பாம்பை விரட்டும் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். என் களாப்புதருக்கு அடியிலிருந்தே சாரைப்பாம்பு வெளியே வந்ததை இரண்டு முறை பார்த்தவன் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாம்பு தேடுவது எலியையும் தவளையையும். தங்கும் அறையிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளிப் புதரை வையுங்கள், நடுவில் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள், தானியமும் குப்பையும் வெளியே கிடக்க விடாதீர்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். அதே போல, நன்றாகப் பழுத்த களாப்பழத்தைக் குழந்தைகள் தின்னலாம். இலையும் வேரும் பட்டையும் வாய்க்குப் போகக் கூடாது. இது அலரியின் குடும்பம். நாட்டு மருந்தென்று யாராவது வேர்க் கஷாயம் சொன்னால், அது என் துறை இல்லை என்று நான் ஒதுங்கிக்கொள்வேன். நீங்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கடைசியாக, வடகிழக்கு மூலையில் இருக்கும் சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் முதல் நாளே பொக்லைன் வைத்து வழித்துவிடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வெளியிலிருந்து வந்து நம் புதர்க்காட்டை விழுங்கியவை, போகவேண்டியவைதான். ஆனால் இன்று உங்கள் நிலத்தில் இருக்கும் பறவைகளுக்கு அந்த மூலையைத் தவிர ஒதுங்க வேறு இடம் இல்லை. இந்த ஆண்டு பாதியை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய சீமைக்கருவேல முள்ளைக் கன்றுகளைச் சுற்றி வட்டமாக அடுக்குங்கள். களாவுக்கு முள் இருந்தாலும் இளந்தளிரை ஆடு விடாது, முதல் இரண்டு ஆண்டுக்கு அந்த முள் வட்டம்தான் வேலி. மிச்சப் பாதியில் உண்ணிச்செடி காய்ப்பதற்கு முன் பூவோடு மட்டும் வெட்டிக்கொண்டே வாருங்கள். களாக்கூட்டத்துக்குள் முதல் கூட்டைப் பார்க்கிற ஆண்டு அந்த மிச்சத்தையும் வேரோடு எடுத்துவிடலாம்.